கணிப்பொறி எழுப்பிய காலையும் உப்பளத்துத் திருமணமும்

இந்நிகழ்ச்சியை எழுத்தில் பதிந்து வைக்க வேண்டிய தேவை அண்மையில்தான் ஏற்பட்டது. ஒரு புதுமனை புகுவிழாவில், எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் என் எதிரில் அமர்ந்து, என் கதையை என்னிடமே சொல்லிச் சிரித்தார். அவர் சொன்ன கதையில் நான் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டேனாம். திருமண வீட்டார் வந்து கதவை உடைத்தார்களாம். இரண்டும் பொய். நான் அன்று தூங்கவில்லை. நீராடி, மடிப்புக் கலையாத வேட்டி உடுத்து, இரு கண்களும் திறந்த நிலையில்தான் அந்த அவமானத்துக்குள் நடந்து சென்றேன். தூங்கியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. எனவே உண்மை வரலாறு திரிபுறுமுன் அதை எழுதிவிடுவது என் கடமை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்று, புதுச்சேரியின் சாரம் பகுதியில் குடியிருந்தேன். (இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வெளியே தலைகாட்டுவதுதான் குறைந்துவிட்டது.) ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த பணி, தமிழ்முறைத் திருமணங்களை நடத்தி வைத்தல். வேள்வித் தீயும் வடமொழி மந்திரமும் இன்றி, குறட்பாக்களை ஓதி, மணமக்களை உறுதிமொழி கூறச் செய்து, தாலியை எடுத்துக் கொடுப்பேன். நடுவில் பண்டைத் தமிழர் மணமுறை பற்றி ஓர் உரையும் ஆற்றுவேன். உரை நீளும் என்பது ஊரார் கருத்து. சற்றே நீளும் என்பது என் கருத்து.

என் துணைவியார் வசந்தா, அரசுப் பள்ளியில் பிரெஞ்சு மொழி கற்பித்தவர். மணமான புதிதில் அவர் பெயரை 'இளவேனில்' என்று தூய தமிழாக்கினேன். அப்பெயரால் அவரை அழைக்கும் ஒரே மனிதன் இவ்வுலகில் நான்தான். நான் அழைத்தாலும் மூன்றாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார். ஒரே மகள் கயல்விழி கணவனோடு பிரான்சில் வாழ்கிறாள்.

மருமகன் ஒரு விடுப்பில் வந்தபோது கணிப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் நிறுவிவிட்டுப் போனார். அதன் கடிகாரம் பாரீசு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நான் திருத்த முற்பட்டபோது துணைவியார் தடுத்தார்.

"அத தொடாதீங்க. சொவத்துல நம்ம நேரம் இருக்குது, பொட்டியில புள்ள நேரம் இருக்கட்டும். இல்லாங்காட்டி அவ தூங்குறப்ப போன் போட்டுத் தொலைப்பீங்க."

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள புதுச்சேரி வீடுகளில் இது புதுமையன்று. எங்கள் தெருவிலேயே இருவீடுகளில் பிரான்சு நேரத்துக்கெனத் தனிக் கடிகாரம் தொங்கிற்று. ஆகவே நானும் விட்டுவிட்டேன். பாரீசு நேரத்தோடு மூன்றரை மணி கூட்டினால் நம் நேரம். இது எனக்கு மனப்பாடம். இந்த 'மூன்றரை'யை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் அதை மிக நன்றாக நினைவில் வைத்திருந்ததுதான் கேடு.

ஒருநாள் ஓர் இதழில், கணிப்பொறியைக் குறித்த நேரத்தில் தானே உயிர்பெறச் செய்யலாம் என்று படித்தேன். பொறி விழிக்கும் கணத்தில் ஒரு விசையை அழுத்தினால் நீலநிறத் திரை ஒன்று தோன்றும். அதில் மின்விசைக்கான பகுதிக்குள் சென்று விழிக்கும் மணியைக் குறித்துவிட்டால், இரவில் அணைத்துவைத்த பொறி அம்மணிக்குத் தானே எழும். படித்த கணமே ஒரு பேரெண்ணம் பிறந்தது. விடியற்காலைத் திருமணங்களுக்கு எழுவதற்கு நான் அதுவரை நம்பியிருந்தது மணியடிக்கும் சிறு கடிகாரத்தை. பொருளற்ற ஓசை ஒன்று தமிழறிஞனைத் துயிலெழுப்புவதா? தமிழே எழுப்பட்டும்!

ஒலிவாங்கியை வாயருகே பிடித்து என் குரலையே பதிவு செய்தேன். "எழுக! எழுக! இருள் அகன்றது! கடமை அழைக்கிறது! எழுக!" பொறி உயிர்பெற்றவுடன் இக்குரல் தானே முழங்குமாறு அமைத்தேன். காலை நான்கு மணி என்பது பாரீசில் நள்ளிரவு பன்னிரண்டரை. நீலத்திரையில் அதையே குறித்தேன்.

முதல் நாள் பொறி எழவில்லை. காரணம் என் துணைவியார். படுக்கப்போகுமுன் வீட்டிலுள்ள சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுப் படுப்பது அவர் வழக்கம். சுவிட்சின் மேல் 'அணைக்கற்க' என்று அட்டை எழுதி ஒட்டினேன்.

"இன்னாத்துக்கு இது? 'அணைக்காதீங்க'ன்னு எழுதினா கை வலிக்குமா?" என்றார். ஆயினும் அணைக்கவில்லை.

மறுநாள் காலை சரியாக நான்கு மணிக்கு என் குரல் என்னை எழுப்பிற்று. அடுத்த வீட்டாரையும் எழுப்பிற்று. ஒலியைக் குறைத்தேன். ஒரு வாரம் ஒருநாளும் தவறவில்லை. நான் அடைந்த செருக்குக்கு அளவில்லை. பால் கொண்டு வருபவரிடமும், மின்கட்டணம் குறிக்க வந்தவரிடமும் இதை விளக்கினேன். இருவரும் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிச் சென்றனர்.

இத்தனை ஒத்திகையும் எதற்கு என்றால், என் நண்பர் கலியபெருமாளின் மகள் திருமணத்துக்கு. கலியபெருமாள் என்னோடு பணியாற்றியவர். அவர் மகள் மலர்விழி என் மாணவி. "ஐயா வந்து தாலி எடுத்துக் குடுத்தாதான் கட்டிக்குவேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். மாப்பிள்ளையும் இசைந்தார். இசையாதவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர்தான். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி அந்நாட்டு ஓய்வூதியம் பெறுவோரை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பர். அவரும் சொல்தா. மீசையும் கைக்கடிகாரமும் ஒன்றுக்கொன்று குறையாத அளவில் இருந்தன.

"மிசே, உங்க தமிழு, கொறளு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நான் வேணாங்கல," என்றார் நிச்சயத்தின்போது. ('மிசே' என்பது பிரெஞ்சில் 'ஐயா'.) "ஆனா ஆறு மணியோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள தாலி ஏறணும். ஐயர் ஒருத்தர மண்டபத்துலயே ஒக்கார வச்சிருப்பேன். நீங்க லேட்டு பண்ணீங்கன்னா, அவர மேடையில ஏத்திடுவேன். அப்பறம் என்னை கொற சொல்லக் கூடாது."

கலியபெருமாள் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஐயா, கொழந்த ஆசப்படுது. பாத்துக்குங்க."

"கவலற்க. நாம் ஐந்தேகாலுக்கு மண்டபத்தில் இருப்போம்," என்றேன். (அக்காலத்தில் என்னை 'நாம்' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. அன்றோடு போயிற்று.)

திருமணம் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முன்தினம், அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. அன்று பகலில் கணிப்பொறியைத் திறந்தபோது, கடிகாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு மூன்று வரி கொண்ட சிறு கட்டம் ஒன்று தோன்றிற்று. கீழே 'சரி' என்று சொல்வதற்கு ஒரு பொத்தான் இருந்தது. படிக்காமலே அழுத்தினேன். பின்பு கயல்விழியோடு பேசினோம்.

"இன்னிக்கு இங்க எல்லாரும் ஒரு மணி நேரம் கூடத் தூங்கினோம்பா," என்றாள் அவள்.

அயல்நாட்டு வாழ்வு மகளைச் சோம்பலுக்கு ஆளாக்கிவிட்டதே என்று வருந்தி, வைகறைத் துயிலெழுதலின் நன்மைகளை அவளுக்கு எடுத்துரைத்தேன். இணைப்பு அறுந்துவிட்டது. அவளே அறுத்தாள் என்று துணைவியார் இன்றும் சொல்கிறார்.

மறுநாள் காலை என் குரல் முழங்கிற்று. "எழுக! எழுக!" எழுந்தேன். கூடத்துக்கு வந்து பொறியைப் பார்த்தேன். பன்னிரண்டரை. மூன்றரை கூட்டினேன். நான்கு. எல்லாம் ஒழுங்கு.

"ஐயையோ! மணி அஞ்சிங்க!" என்று சமையலறையருகிலிருந்து துணைவியார் அலறினார்.

நிமிர்ந்தேன். சுவர்க்கடிகாரம் ஐந்து காட்டிற்று.

"இளவேனில், பதற்றம் வேண்டா. அக்கடிகாரம் விரைந்து ஓடுகிறது."

"ஒரு மணி நேரமா வெரஞ்சி ஓடும்?"

"பொறி பொய் சொல்லாது. ஒரு வாரமாகக் காண்கிறாய் அல்லவா?"

அவர் படுக்கையறைக்குள் சென்று என் பழைய மணியடிக்கும் கடிகாரத்தைக் கொண்டுவந்து என் மூக்கின்முன் நீட்டினார். ஐந்து. பின்பு தம் கைக்கடிகாரத்தையும் காட்டினார். ஐந்தும் இரண்டு நிமிடமும்.

"ரெண்டும் கெட்டுப் போச்சா? மூணும் கெட்டுப் போச்சா? ஒரே ராத்திரியில?"

நான் சிந்தித்தேன். சிந்திக்காமல் இருந்திருக்கலாம். "மூன்றும் ஒரே கடையில் வாங்கியவை," என்றேன்.

துணைவியார் என்னைப் பார்த்த பார்வையை வருணிக்க என் மொழிப்புலமை போதாது. நானோ நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்தை இறக்கி, முள்ளை ஒரு மணி பின்னுக்குத் தள்ளி, மீண்டும் மாட்டினேன். மற்றதையும் திருத்தினேன். கைக்கடிகாரத்துக்குக் கை நீட்டியபோது அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இத தொட்டீங்கன்னா நடக்கறதே வேற."

அவர் குளித்து, பட்டுச்சேலை உடுத்தித் தெருவுக்கு வந்து ஓர் ஆட்டோவை நிறுத்தினார். "நான் போறேன். கலியபெருமாளு அண்ணன் முகத்துல நாளைக்கி முழிக்கணும். நீங்க உங்க பொட்டிய கேட்டுட்டு நிதானமா வாங்க," என்று சொல்லிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இருட்டில் வெற்று மண்டபத்தில் காத்துக் கிடப்பாரே என்று எனக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. கலியபெருமாள்.

"ஐயா, எங்க இருக்கீங்க? கெளம்பிட்டீங்களா?"

"கலியபெருமாள், அமைதி கொள்க. மணி நாலே முக்கால்கூட ஆகவில்லை."

 அவர் தம் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பது எனக்குக் கேட்டது. "ஐயா... இங்க... அஞ்சே முக்கா ஆவப் போவுதே," என்றார் ஐயத்தோடு. முப்பதாண்டுகள் என் சொல்லை மறுத்தறியாத நண்பர்.

"உம் கடிகாரத்தையும் நாங்கள் வாங்கிய கடையிலா வாங்கினீர்?" என்றேன் கனிவோடு. பெண்ணைப் பெற்றவர் பதற்றத்தில் இப்படித்தான் இருப்பார் என்று எண்ணி, மேலும் தொல்லை வேண்டா எனத் தொலைபேசியின் கைப்பிடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். (ஆம், வைத்துவிட்டேன். இதை மட்டும் அந்தப் புதுமனை மனிதர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது போலும்.)

உரையை ஒருமுறை கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு, பொறி ஒன்றரைதானே காட்டுகிறது, மூன்றரை கூட்டினால் ஐந்து என்று கணக்கிட்டுத் தெளிந்து, வெளியே வந்தேன். வானம் வெளுத்திருந்தது. கிழக்கே சிவந்தும் இருந்தது. கணநேரம் குழம்பினேன். ஐப்பசி மழையில் கழுவப்பட்ட வானில் ஒளி முந்திப் பரவுவது இயல்பே என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். ஆட்டோவில் செல்கையில், பால் வாங்கித் திரும்புவோர், நாளிதழ் விரித்துத் தேநீர் குடிப்போர், கடற்கரையில் நடந்து முடித்து வியர்வையோடு வீடு செல்வோர் எனத் தெருவெல்லாம் மக்கள். ஐந்து மணிக்கே இத்தனை சுறுசுறுப்பா! புதுச்சேரி மக்களைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தை மாற்றிக்கொண்டேன்.

"இவ்வளவு வைகறையில் நீ தொழிலுக்கு வந்தது பாராட்டத்தக்கது," என்றேன் ஓட்டுநரிடம்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஊருக்குப் புதுசா சார்?" என்றார்.

உப்பளம் பகுதியிலிருந்த மண்டபத்தில் நுழைந்தேன். நாதசுரக்காரர் கருவியை உறையிலிட்டுக் கொண்டிருந்தார். உணவுக்கூடத்தில் இரண்டு வரிசை இலை போட்டிருந்தது. மக்கள் பொங்கலும் வடையும் உண்டுகொண்டிருந்தனர். எனக்குச் சினம் மூண்டது. நேரே உணவுக்கூட வாயிலில் போய் நின்றேன்.

"தாலி கட்டுமுன் பந்தி! இது எந்நாட்டு மரபு? மணமேடைக்கு மதிப்பில்லையா?"

கைகள் வாய்க்கருகில் நின்றன. ஓர் அம்மையார் அவசரமாக இலையை மூடினார். பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு அசையாமல் நின்றார். சொல்தா மட்டும் முதல் வரிசையில் அமர்ந்து, வடையைச் சட்டினியில் தோய்த்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிசே, ஒக்காருங்க. பொங்கல் சூடா இருக்குது."

"கடமை முடியுமுன் உண்ணேன்," என்று சொல்லி மேடைக்கு விரைந்தேன். ஒலிவாங்கியைக் கையிலெடுத்தேன். கூடத்தில் மிஞ்சியிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். ஒளிப்பதிவுக்காரர் படப்பெட்டியை மூடிவிட்டிருந்தார். மீண்டும் திறந்தார். (அப்பதிவு இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் போட்டுப் பார்க்கிறார்கள்.)

"இன்னும் சற்று நேரத்தில் இல்லறம் புகவிருக்கும் மணமகனையும் மணமகளையும் மேடைக்கு அழைக்கிறேன்!"

மலர்விழியும் மாப்பிள்ளையும் உணவுக்கூடத்திலிருந்து வந்தனர். இருவர் கழுத்திலும் மாற்றிய மாலைகள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு. அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நல்ல மாணவி. மேடையேறி வந்து அமர்ந்தும் விட்டாள்.

"அம்மா, கழுத்தில் அதென்ன?" என்றேன், ஒலிவாங்கி கையிலிருப்பதை மறந்து.

"தாலிங்க ஐயா."

கலியபெருமாள் ஓடிவந்து என் காதருகே குனிந்தார். "ஐயா... முடிஞ்சிடுச்சி."

"எது?"

"கல்யாணம்."

"இன்னாது?" என்றேன். என் வாழ்நாளில் மேடையில் நான் பேசிய முதல் கொச்சைச் சொல் அது. ஒலிபெருக்கி அதைத் தெருமுனை வரை கொண்டு சென்றது.

"யார் நடத்தி வைத்தது? ஐயரா?" என்றேன். இத்தனை நாள் அந்தப் பெண் கொண்டிருந்த ஆசை என்னால் மண்ணாயிற்றே என்ற எண்ணமே அப்போது மேலோங்கி நின்றது.

"இல்லீங்க. அம்மாதான்."

மேடையின் ஓரத்தில், சந்தனக் கிண்ணத்தோடு என் துணைவியார் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இது. சொல்தா எழுந்து ஐயரை அழைக்கப் போனார். மலர்விழி அழத் தொடங்கிவிட்டாள். அப்போது என் துணைவியார் மேடையேறி, "யாரும் எங்கயும் போவ வேணாம், நான் பண்றேன்," என்று சொல்லி ஒலிவாங்கியை வாங்கினாராம். கூடத்தில் நான் உரக்கச் சொல்லிப் பழகியதையெல்லாம் அவர் அடுக்களையிலிருந்து ஆண்டுக்கணக்காகக் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறார். குறட்பாக்கள், உறுதிமொழி, வாழ்த்து எதுவும் பிசகவில்லை. பண்டைத் தமிழர் மணமுறை பற்றிய உரையை மட்டும் விட்டுவிட்டார். ஆறு மணிக்கு முன்பே தாலி ஏறிவிட்டது.

"எங்க ரெஜிமெண்ட்டுல கூட இவ்ளோ டைமுக்கு நடந்ததில்ல, மதாம்," என்று சொல்தா எழுந்து நின்று வணக்கம் வைத்தாராம். ஐயரும் கைதட்டினாராம்.

நான் மேடையில் கிடந்த நாற்காலியில் அமர்ந்தேன். "இப்போது மணி என்ன?" என்று கேட்டேன். ஒரே நேரத்தில் பலர் விடை சொன்னார்கள். ஆறேகாலைத் தாண்டிவிட்டது என்பதில் மட்டும் அனைவரும் ஒன்றுபட்டனர்.

"பொறி ஐந்தேகால்தானே..." என்றேன்.

துணைவியார் என் அருகில் வந்து, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார். "நேத்து புள்ள சொன்னா இல்ல, ஒரு மணி நேரம் கூடத் தூங்கினோம்னு? குளிர்காலம் வந்தா பிரான்சுல எல்லாரும் கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளி வப்பாங்க. உங்க பொட்டி பிரான்சு பொட்டி, அதுவா தள்ளிக்கிச்சி. இனிமே மூணரை இல்ல, நாலரை கூட்டணும். எனக்கே ஆட்டோவுல வர்றப்பதான் ஒறச்சிது."

நான் படிக்காமல் அழுத்திய அந்தச் சிறு கட்டத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணமக்களும் சிரித்தார்கள். பிறகு யார் யாரோ சிரித்தார்கள். எனக்கு மட்டும் நெடுநேரம் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாடே ஒப்புக்கொண்டு கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைக்கலாம். நான் ஒருவன் அதே வேலையை என் வீட்டில் செய்தால் பைத்தியமா? இதற்கு இன்றளவும் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

அதன்பின் திருமணம் பேசி முடித்தோர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கினர். சாரத்திலும் உப்பளத்திலும் இன்று அவர் நடத்தி வைக்காத தமிழ்முறைத் திருமணம் குறைவு. "ஐயாவும் வரட்டும், முன்னாடி நாற்காலி போட்டுடறோம்," என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொள்வார்கள். நானும் போகிறேன். அவர் புறப்படும்போது நானும் புறப்பட்டுவிடுகிறேன். நேரம் கேட்பதில்லை.

மலர்விழிக்கு இப்போது ஒரு மகள். சென்ற முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அச்சிறுமி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்: "எங்கம்மாவுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வைக்க வந்த தாத்தா நீங்கதானா?"

ஆம் என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று மண்டபத்தில் இருந்தோர் இன்னும் பலர் நலமாக உள்ளனர். இவ்வரலாற்றில் நான் எங்கேனும் வழுவியிருந்தால் அவர்கள் அருள்கூர்ந்து எனக்குத் தெரிவித்துத் திருத்த வேண்டுகிறேன். சொற்பிழை, பொருட்பிழை எதுவாயினும் நன்றியோடு ஏற்பேன். பிழை நேரத்தைப் பற்றியதாயின், என் துணைவியாரிடம் தெரிவித்துவிடுங்கள். அத்துறை இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.